டேனிஷ் மொழி ஒலிப்பில் தலைமுறை வேறுபாடுகள்

டென்மார்க்கின் மொழியான டேனிஷ், எழுத்தில் நிலைபெற்றும் பேச்சில் விரைந்து மாறியும் வருகிறது. 1948ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கத்தை நீக்கியது. ஒரு புதிய உயிரெழுத்தையும் சேர்த்தது. ஆனால் எழுத்துக்கும் ஒலிக்கும் இடையே விழுந்திருந்த பெரிய இடைவெளியை அது தொடவில்லை. அந்த இடைவெளி தலைமுறைதோறும் விரிகிறது. இளையவர்கள் சொற்களை மென்று விழுங்குகிறார்கள் என்பது அந்நாட்டு மூத்தோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. கிடைத்துள்ள சான்றுகளோ, இது அக்கறையின்மையால் வந்த சிதைவல்ல, இடைக்காலத்தில் தொடங்கிய ஓர் ஒழுங்கான ஒலிமாற்றத்தின் அடுத்த படியே என்று காட்டுகின்றன.

குறை சொல்லும் வழக்கமே மிகப் பழையது. 1554இல் அச்சான யோஹன்னஸ் மாக்னுஸின் சுவீடன் வரலாற்று நூலில், டேனியர்கள் இருமுவது போலச் சொற்களைத் தொண்டைக்குள்ளேயே அடக்கிப் பேசுவதாக ஒரு பழிப்புரை இடம்பெற்றுள்ளது. குரல் சற்றே இறுகித் தடைபடும் 'ஸ்டோட்' என்ற ஒலிக்கூறு இம்மொழியின் முக்கிய அடையாளம். அதை முதன்முதலில் 1743இல் ஹோய்ஸ்கோர் என்னும் இலக்கண அறிஞர் விவரித்தார். 1890இல் ஓட்டோ யெஸ்பெர்சன் டேனிஷ் கிளைமொழிகளைப் பதிவு செய்வதற்கென 'தானியா' என்ற ஒலிக்குறி முறையை வகுத்தார். அதற்கு ஓராண்டு முன்பே, கோட்ஃப்ரீட் ரூபன் என்ற வணிகர் மெழுகு உருளைகளில் டேனியர்களின் குரல்களைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தார். பழைய ஒலிப்பதிவுகளையும் துணைக்கொண்டு லார்ஸ் பிரிங்கும் யோர்ன் லுண்டும் 1975இல் வெளியிட்ட இரு தொகுதி நூல், 1840 முதல் கோபன்ஹேகன் பேச்சில் நேர்ந்த மாற்றங்களைப் பிறந்த ஆண்டு வாரியாகவும் சமூக அடுக்கு வாரியாகவும் பின்தொடர்ந்தது. ஒருவர் எப்போது பிறந்தார், எந்த அடுக்கில் வளர்ந்தார் என்பதற்கேற்ப அவருடைய ஒலிப்பு ஒழுங்காக வேறுபடுவதை அந்நூல் நிறுவியது.

மாற்றத்தின் போக்கை ஒரே சொல்லில் பார்க்கலாம். கேக்கைக் குறிக்கும் சொல் சுவீடிஷ் மொழியில் இன்றும் 'காக்கா' என்று வல்லொலியோடு நிற்கிறது. டேனிஷ் மொழியில் அந்தக் ககரம் இடைக்காலத்திலேயே மெலிந்தது. பிறகு, தமிழில் 'அகம்' என்னும்போது நடுவே கேட்கும் ககரத்தை ஒத்த உரசொலியாக அது தேய்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கவனமாகப் பேசியவர்கள் அந்த உரசொலியைக் காத்துவந்தனர். இன்றைய இளையோர் வாயில் அது யகரச் சாயலாகவோ ஒன்றுமில்லாமலோ போய்விட்டது. ஆக, மூத்தோர் திருத்தமானது என்று போற்றிய ஒலியும் ஒரு காலத்துத் தேய்வின் விளைவுதான். ரகரத்தை அடுத்த உயிரொலியிலும் இதே நகர்வு நிகழ்கிறது. புற்றுநோயைக் குறிக்கும் சொல்லை மூத்தோர் 'க்ரேஃப்ட்' என்பதற்கு நெருக்கமாகவும், வலிமையைக் குறிக்கும் சொல்லை 'க்ராஃப்ட்' என்றும் பிரித்து ஒலித்தனர். இளையோர் பலருக்கு இரண்டுமே 'க்ராஃப்ட்'. ஆகாரத்தை ஏகாரத்தின் பக்கமாகச் சாய்த்து ஒலிப்பது முன்பு கோபன்ஹேகன் உழைக்கும் மக்களின் கொச்சை எனப்பட்டது. இன்று அது பொதுப்பேச்சின் இயல்பு.

வயது ஏறினால் இளையோரும் பழைய ஒலிப்புக்குத் திரும்பிவிடுவார்கள் என்று வாதிடலாம். 2005இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லான்சார்ட் ஆய்வு மையம் இதை நேரடியாகச் சோதித்தது. கோபன்ஹேகன், நெஸ்ட்வெத், ஓடர், விண்டெரப் ஆகிய ஊர்களில் 1970களிலும் 80களிலும் பதிவானவர்களையே அது தேடிச்சென்று மீண்டும் பதிவு செய்தது. சில ஒலிகளில் தனிமனிதர்கள் வாழ்நாளிலேயே நகர்வது உண்மைதான். ஆனால் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு இடையிலான மாற்றத்தை அது அழித்துவிடுவதில்லை. நகர்வின் உந்துவிசையையும் இந்த ஆய்வு மரபு காட்டியது. தோரே கிறிஸ்தியான்சன் நடத்திய ஆய்வுகளில், நேரே கேட்டபோது இளையோர் தம் வட்டாரப் பேச்சையே புகழ்ந்தனர். எதற்காகக் கேட்கிறோம் என்று அறியாமல் குரல்களை மதிப்பிட்டபோது, புதிய கோபன்ஹேகன் ஒலிப்பையே துடிப்பானது என்று உயர்த்தினர். நாக்கு சோம்பியது என்பதைவிட, காது எதை மதிக்கிறது என்பதே இந்தப் பரவலை நன்கு விளக்குகிறது.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. டோர்த்தே பிளேசஸ், ஹான்ஸ் பாஸ்பெல் முதலியோரின் ஆய்வுகளின்படி, டேனிஷ் குழந்தைகள் தொடக்கத்தில் பிற ஐரோப்பிய மொழிக் குழந்தைகள் பலரைவிடக் குறைவான சொற்களையே புரிந்துகொள்கின்றனர். மெய்கள் உருகி உயிர்களோடு கலப்பதால் சொல்லின் எல்லை மங்குவதே இதற்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. இந்த இழப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும், அதைப் பதின்பருவத்தினர் தலையில் சுமத்துவது பிழை. மெய்களின் தேய்வு பல நூற்றாண்டு வேலை. இன்றைய தாத்தாக்களும் அதில் பங்காளிகள். டேனிஷ் பேச்சின் தலைமுறை வேறுபாட்டை ஒழுக்கக் குறைவாக அன்றி மொழி வரலாறாக அணுகுவதே சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு. பள்ளியும் வானொலியும் இளையோரைக் கண்டிப்பதை விட்டு, எழுத்துக்கும் ஒலிக்குமான உறவை அவர்களுக்குத் தெளிவாகக் கற்பிப்பதே பயன் தரும்.