அதியர் குடைந்த பாறை

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் குகை என்றதும் சித்தர் குகைகளைத்தான் தேடுகிறார்கள். உளியால் குடைந்தவற்றைப் பார்க்க மலையை விட்டு இறங்கித் தென்மேற்கே நாமக்கல்லுக்கு வரவேண்டும். ஊர் நடுவே எழும் ஒற்றைப் பாறையின் மேற்கே நரசிம்மருக்கும் கிழக்கே பள்ளிகொண்ட அரங்கநாதருக்குமாக இரண்டு குடைவரைகள். 'பல்லவர் காலத்தவை' என்று சொல்லி இவற்றைக் கடந்துவிடுவது வழக்கம். எந்தக் காலம் என்று கேட்டால் அந்த விடை போதும். யாருடையவை என்று கேட்டால் போதாது. அரங்கநாதர் குடைவரையின் கல்வெட்டு அதற்கு அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர் சூட்டி, அதியர் குலத்துக் குணசீலனைச் சொல்கிறது. தகடூர்ச் சிற்றரசர் என்றே அறியப்பட்ட ஒரு குடி, தன்னை வேந்தர் வரிசையில் நிறுத்திக்கொள்ளச் செய்த காரியம் இது என்றே கொள்ள வேண்டும்.

பெயரே முதல் சான்று. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலுக்கு மகேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர். அதே அச்சில் தன் குலப்பெயரை வார்த்தவன் பல்லவனின் பணியாளாகப் பேசவில்லை. அவன் கைவைத்த இடமும் சாதாரணமானதல்ல. ஓரியின் கொல்லியை மலையமான் காரி வென்று சேரனுக்குக் கொடுத்தான். அந்தக் கொல்லிக் கூற்றத்தில்தான் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் உடன்வந்த இரு வேந்தரையும் தோற்கடித்ததாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்கிறது. பதிகங்கள் பிற்காலத்தில் சேர்த்தவை என்பார்கள், சரிதான். ஆனாலும் கொல்லியையும் அதியரையும் இணைத்த நினைவு அதைச் சேர்த்தவர் காலத்திலும் மங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எழுத்து பல்லவ கிரந்தம்தானே என்பது ஒரு மறுப்பு. வடமொழியை எழுதத் தமிழகத்தில் எல்லோருமே கிரந்தத்தை எடுத்தார்கள். மதுரை ஆனைமலையில் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி 770இல் நரசிம்மருக்குக் குடைவித்த கோயிலிலும் கிரந்தக் கல்வெட்டு உண்டு. அதைப் பல்லவர் கோயில் என்று யாரும் சொல்வதில்லை. சிற்பத்தைப் பார்த்தால் நாமக்கல் காஞ்சியைவிட வாதாபிக்கே நெருக்கம். அனந்தன்மேல் அமர்ந்த திருமால், வராகம், திரிவிக்கிரமம், நரசிம்மம், சங்கரநாராயணர் என்ற அதே கூட்டம் 578ஆம் ஆண்டைச் சேர்ந்த வாதாபி மூன்றாம் குடைவரையில் இருக்கிறது. அப்படியானால் சாளுக்கியர் வேலையா? அங்கே மணற்கல், இங்கே உளிக்கு எளிதில் இணங்காத கடும்பாறை. பெயர்முறையைப் பல்லவரிடமும் உருவங்களை வடக்கிலிருந்தும் எடுத்தவன், எதை எடுப்பது என்று தானே தீர்மானித்திருக்கிறான்.

காலம் பற்றிய வழக்கு இன்னும் கடினம். ஏழாம் நூற்றாண்டு என்போரும் உண்டு. எட்டின் பிற்பகுதி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதே நெடுஞ்சடையன் ஆயிரவேலி, அயிரூர், புகழியூர்ப் போர்களில் அதியனை வென்றதையும், அதியனுக்குத் துணைவந்த பல்லவனையும் கேரளனையும் முறியடித்ததையும் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. பெரும்படைகள் துணைக்கு ஓடிவரும் அளவுக்குக் கனமுள்ள அதியன் ஒருவன் அன்று இருந்தான். குடைவரை அவனுக்கு முந்தியதே என்றாலும் கல்லிலுள்ள குலப்பெயர் மாறப்போவதில்லை.

இதெல்லாம் பக்திதானே, அரசியல் எங்கே வந்தது என்று கேட்கலாம். பக்தி இல்லாமல் இப்படிச் செதுக்க முடியாது, உண்மை. ஆனால் அதியர் கல்லில் பதித்ததை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். திருக்கோவலூர் வட்டாரத்தில் 1981இல் வெளிப்பட்ட ஜம்பைத் தமிழி எழுத்துகள், அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடத்தைச் சொல்லும்போதே, அசோகன் சோழர் பாண்டியரோடு சேர்த்துக் குறித்த சத்தியபுத்திர மரபின் பெயரை அவனுக்குச் சூட்டுகின்றன. நாமக்கல்லில் திருமால். போளூர் அருகே திருமலையில், சோழர் ஆட்சியின் பிற்காலத்தில், விடுகாதழகிய பெருமாள் என்ற அதியமான் சமண இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுப்பித்தபோது, அவற்றை முதலில் நிறுவிய எழினியைத் தன் முன்னோனாக எழுதிவைத்தான். வழிபட்ட தெய்வம் இடத்துக்கு இடம் மாறியது. குலப்பெயரை மட்டும் எங்கும் விடவில்லை.