துரையின் லேண்ட் ரோவரும் நம்ம செகண்ட் ஹேண்ட் வெசலும்

1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலா வெளியே வந்தது. அதே வருஷக் கடைசியில் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானவங்களை நாடற்றவங்களாக்கியது. ரெண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனா அதுக்குப் பிறகு பல வருஷம் தோட்டத்து ரோட்டில் வண்டி துரைக்கு, நடை நமக்குன்னுதான் இருந்தது.

இப்போ எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கம் நம்ம வயசுப் பிள்ளைகளும் சின்ன எஸ்.யூ.வி. தேடுறாங்க. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. அதை வச்சு வண்டி வாங்க முடியாது. கொழும்பு வேலை, வெளிநாட்டுக் காசு, லீசிங் எல்லாம் சேரணும். தப்பா எடுத்தா அடி மொத்தக் குடும்பத்துக்கும்தான். அதனால இந்த வண்டிகள் எப்படி நம்ம மலைக்கு வந்ததுன்னு பார்ப்போம்.

1988இல் வந்த சுசுகி எஸ்குடோவுக்குத் தனிச் சட்டகம் இருந்தது, ஏத்தத்துக்குன்னு தாழ்ந்த கியரும் இருந்தது. அது சின்ன ஜீப். 1994இல் டொயோட்டா ராவ்4 கார் மாதிரிக் கட்டப்பட்ட எஸ்.யூ.வி.யாக வந்தது. இன்றைக்கு நாம தேடுற வெசலும் ரைஸும் அந்தப் பாதையில் வந்தவை. பார்க்க உயரமா இருந்தாலும் அடியில் கார்தான்.

ஹொண்டா வெசல் 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. 1.5 லீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு சி.வி.டி. கியர்பொக்ஸ், ஹைபிரிட்டுக்கு 7 கியர் இரட்டைக் கிளட்ச். அந்தக் காலத்தில் இலங்கையில் ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை இருந்ததால ஹைபிரிட்தான் நிறைய இறங்கியது. 2014 பெப்ரவரியிலேயே கியர்பொக்ஸ் மென்பொருள் கோளாறுக்காக ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகளை ஹொண்டா ஜப்பானில் திருப்பி அழைத்தது. அந்தக் கிளட்ச் ஒயிலில் நனையாத வகை. ஆள் நிறைய ஏத்திக்கிட்டு ஏத்தத்தில் ஊர்ந்து போனா சூடேறும். நம்ம ரோடு அப்படித்தானே இருக்கு!

2019 நவம்பரில் டொயோட்டா ரைஸ் வந்தது. 996 சி.சி. டர்போ. இங்கே கலால் வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது என்பதால 1,000க்குக் கீழே இருப்பது பெரிய லாபம். இழுவை 140 நியூட்டன் மீட்டர், 2,400 சுழற்சியிலேயே முழுசா கிடைக்கும். பெட்ரோல் வெசலுக்கு 155தான், ஆனா அதுக்கு 4,600 சுழற்சி வரை மிதிக்கணும். ஏத்தத்தில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய வெசலின் விலையும் ஏறியது. அதே இடைவெளியில், 2021 நவம்பரில், ஜப்பானில் ரைஸ் மாறிப்போனது: முன்சக்கர வண்டிக்கு டர்போ இல்லாத 1.2 லீட்டர், இல்லாட்டி ஹைபிரிட். டர்போ நாலு சக்கர இழுவைக்கு மட்டும். பெயர் ஒன்று, எஞ்சின் மூன்று. அதனால ‘ரைஸ்’னு சொன்னா மட்டும் போதாது, எந்த எஞ்சின்னு கேளுங்க.

அடுத்தது கிரேட். வெசலின் கீழ்க் கிரேட்டுக்கு 16 அங்குல ரிம், ஆர்.எஸ்.ஸுக்கு 18. ரைஸில் எக்ஸுக்கு 16, இசட்டுக்கு 17. ரிம் பெரிசானா டயரின் பக்கச் சுவர் மெலியும், கல்லு ரோட்டில் முதல் அடி அதுக்குத்தான். ஆனா விலை குறைஞ்ச ரைஸ் எக்ஸில் ‘ஸ்மார்ட் அசிஸ்ட்’ என்ற தானியங்கி பிரேக் வசதி கிடையாது. அவிசாவளை பெரிய ரோட்டில் ஓடுறவங்களுக்கு அது தேவை. அதுக்கு மேலே உள்ள எக்ஸ் எஸ்ஸில் 16 அங்குலமும் உண்டு, அந்த பிரேக்கும் உண்டு.

லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆளை இறக்கவும் சேர்த்துத்தான் வண்டி வாங்குறீங்கன்னா, நாங்க சொல்றது டர்போ ரைஸ், நாலு சக்கரம், எக்ஸ் எஸ். கைக்காசு வெசலுக்குத்தான் எட்டும்னா பெட்ரோலைத் தேடுங்க. ஹைபிரிட்தான் கிடைச்சா டவுனில் ஓட்டிப் பார்த்துட்டு முற்பணம் கொடுக்காதீங்க. நாலு பேரை ஏத்தி உங்க தோட்டத்து ஏத்தத்தில் மெதுவா ஒருமுறை ஏறிப் பாருங்க.