கேட்கிற கேள்வி எந்த இடத்தில் வரணும்?

ஒரு கோப்பை மூடுறோம், "சேமிக்கவா?"ன்னு ஒரு டயலாக் பாக்ஸ் வருது. அது திரையில எங்க வரணும்? இன்னைக்கு அந்தக் கேள்வியோட வரலாறு.

1984-ல் வந்த மேகின்டாஷில் இந்தப் பெட்டி தனியா மிதக்கும். பதில் சொல்லாம வேற எதையும் தொட முடியாது. நாலு கோப்பு திறந்திருந்தா, எதைப் பத்தி கேக்குதுன்னு பெட்டிக்குள்ள படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். 2001 மார்ச்சில் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் இதை மாத்துச்சு. அந்தக் கோப்போட ஜன்னல்ல, தலைப்புப் பட்டைக்குக் கீழேருந்தே பெட்டி இறங்கி ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கு "ஷீட்"ன்னு பேர். எதைப் பத்தின கேள்விங்கிறதை இடமே சொல்லிடுச்சு.

நம்ம நாட்டு எந்திரம் ஒண்ணுல இந்த யோசனை அதுக்கு முன்னாடியே இருக்கு: மின்னணு வாக்குப்பதிவு எந்திரம். 1982 மே மாதம் கேரளாவின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலா பயன்படுத்தினாங்க. பின்னாடி பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிச்ச எந்திரத்துல, அங்கே பொறியாளரா இருந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கு உண்டு.

பொத்தானை அழுத்தினா அதே வரிசையில், சின்னத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பு விளக்கு எரியும். பீப் சத்தம் அதிகாரி மேசையில இருக்கிற கருவியிலிருந்து வரும். யாருக்குப் போட்டோம்ங்கிறது நம்ம விரல் பக்கத்துல மட்டும். ஓட்டு விழுந்துடுச்சுங்கிறது அறைக்கே. ரகசியம் காப்பாத்துறதும் இந்த இடத்தேர்வுதான்.

2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தல்ல விவிபேட் வந்துச்சு. 2019 மக்களவைத் தேர்தல்ல எல்லாச் சாவடிக்கும் வந்துடுச்சு. வரிசை எண், பெயர், சின்னம் உள்ள சீட்டு 7 நொடி கண்ணாடிக்குள்ள தெரியும், அப்புறம் உள்ளே விழுந்துடும். "சரி", "வேண்டாம்"னு பொத்தான் கிடையாது. தப்பா இருந்தா அங்கேயே அதிகாரிகிட்ட சொல்லணும். நம்பிக்கைக்கு இது அவசியம்தான். ஆனா இது தனிப் பெட்டி. கண்ணை அங்க நகர்த்தணும்.

எங்க கனகம்மாசத்திரம் இருக்கிற திருத்தணி வட்டாரம் 1960-லதான் ஆந்திராவிலிருந்து நம்ம மாநிலத்துக்கு வந்துச்சு. தெலுங்கு பேசுறவங்க இன்னைக்கும் நிறைய. தமிழ் படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சின்னம் போதும். ஆனா எங்க பார்க்கணும்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும்; இல்லேன்னா அந்த 7 நொடி வீண்.

அதனால டிசைன் பண்றவங்களுக்கு ஒண்ணு: கை இருக்கிற இடத்துலயே பதிலைக் காட்டுங்க. வேற இடத்துலதான் காட்ட முடியும்னா, கை வைக்கிறதுக்கு முன்னாடியே அந்த இடத்தைச் சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.