கொள்ளைப் பொருளாய் வந்த சிங்க நாய்

போர்களின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களையும் தளபதிகளையும் உடன்படிக்கைகளையும் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். போரில் கைமாறிய வாயில்லாச் சீவன்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். இன்று உலகெங்கும் மடியில் வைத்துக் கொஞ்சப்படும் பெக்கினீஸ் என்னும் சிறு நாயினம் மேற்கு நாடுகளைச் சென்றடைந்தது அத்தகையதொரு கதை. அக்கதையில் ஒரு பத்திரிகையாளனின் சாவும் கலந்திருப்பதால், அதே தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அதன்மீது தனி ஈடுபாடு உண்டு.

சீனாவில் சிங்கங்கள் வாழ்ந்ததில்லை. எனினும் பாரதத்திலிருந்து பௌத்தம் அங்கு பரவியபோது, புத்தரின் காவலனாகிய சிங்கமும் ஓர் அடையாளமாக உடன் சென்றது. பிடரிமயிரும் அகன்ற மார்பும் வளைந்த முன்னங்கால்களும் கொண்ட இச்சிறு நாயைச் சீனர் 'சிங்க நாய்' என்று போற்றினர். அரண்மனைக்குள்ளேயே அது வளர்க்கப்பட்டது. மிகச் சிறியவற்றை அரச குடும்பத்தார் தம் அகன்ற அங்கியின் கைகளுக்குள் வைத்துச் சுமந்தனர். இவ்வினத்தின் தொன்மை வெறும் கதையன்று. 2004இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஓநாய்க்கு மிக நெருங்கிய பழமையான நாயினங்களின் வரிசையில் பெக்கினீஸையும் சேர்த்தது.

1860ஆம் ஆண்டு, இரண்டாம் அபினிப் போரின் இறுதிக் கட்டத்தில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங்கை நெருங்கின. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் அப்படையெடுப்பில் பங்குகொண்டது என்பதைத் தமிழ் வாசகர்கள் கருத்திற் கொள்ளலாம். பேச்சுவார்த்தைக்காகச் சென்ற குழுவினர் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவர்களுள் பலர் சித்திரவதைக்குள்ளாகி மாண்டனர். இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையின் நிருபர் தோமஸ் பௌல்பி அவர்களில் ஒருவர். பேரரசர் சியான்ஃபெங் ஏற்கெனவே தலைநகரை விட்டு வெளியேறியிருந்தார். ஒக்டோபர் முற்பகுதியில் யுவான்மிங்யுவான் எனும் கோடைகால அரண்மனை சூறையாடப்பட்டது. கைதிகளின் சாவுக்குப் பழிதீர்க்குமுகமாக, ஒக்டோபர் 18ஆம் திகதி அதனை எரிக்குமாறு எல்ஜின் பிரபு ஆணையிட்டார். கிரேக்கத்தின் பார்த்தினன் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்ற எல்ஜினின் மகனே இவர். பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாகி, 1863இல் தர்மசாலாவில் காலமானார்.

பொன்னும் பட்டும் பீங்கானும் அள்ளிச் செல்லப்பட்ட அவ்வரண்மனையில் ஐந்து சிறு நாய்களும் அகப்பட்டன. பேரரசரின் அத்தை தற்கொலை செய்துகொண்டதாகவும், அவரது உடலைச் சுற்றி அவை காவல் நின்றதாகவும் ஒரு கதை வழங்குகிறது. நான்கு நாய்கள் பிரபுக் குடும்பங்களைச் சேர்ந்தன. ஐந்தாவதை 99ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கப்டன் ஜோன் ஹார்ட் டன் கொண்டுவந்து, 1861இல் விக்டோரியா மகாராணிக்குக் காணிக்கையாக்கினார்.

அந்நாய்க்குச் சூட்டப்பட்ட பெயர் 'லூட்டி'. தமிழ்க் காதுக்கு அது குறும்பு என்றே ஒலிக்கும். ஆனால் அதன் மூலம், கொள்ளை எனப் பொருள்படும் 'லூட்' என்ற சொல். அச்சொல்லையும் ஆங்கிலேயர் இந்துஸ்தானியிலிருந்தே எடுத்துக்கொண்டனர். கொள்ளையடித்த பொருளுக்குக் கொள்ளை என்றே பெயரிட்டு அரசிக்குப் பரிசளித்தமையில் எவரும் வெட்கத்தைக் கண்டதாகத் தெரியவில்லை. ஒரு பேரரசின் மனப்போக்கை விளக்க இந்த ஒரு பெயரே போதுமென நான் எண்ணுகிறேன். லூட்டி 1872இல் வின்ட்சரில் இறந்தது.

அதன் பின்னர் இவ்வினம் செல்வந்தரின் சின்னமாயிற்று. சீனப் பேரரசி சிஷி 1905இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகள் அலிஸுக்குக் கருநிறப் பெக்கினீஸ் ஒன்றைப் பரிசளித்தார். 1912இல் டைட்டானிக் கப்பலிலிருந்து உயிர்தப்பிய மூன்று நாய்களுள் ஒன்று, சுன் யாட்-சென் என்று பெயரிடப்பட்ட பெக்கினீஸ்.

புகழ் பெருகப் பெருக, அதன் உடல் மனிதரின் இரசனைக்கேற்ப மாற்றப்பட்டது. 1861இல் ஃபிரெட்ரிக் கெய்ல் தீட்டிய லூட்டியின் ஓவியத்தைப் பாருங்கள். மூக்குப் பகுதி தெளிவாக முன்னோக்கி நீண்டிருக்கிறது. பரிசுப் போட்டிகளுக்காகத் தட்டையான முகம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் விளைவாக மூக்குத் துவாரங்கள் ஒடுங்கின; மெல்லண்ணம் குரல்வளையை அடைத்தது. பலர் இரசிக்கும் அதன் குறட்டை உண்மையில் மூச்சுக்கான போராட்டம். தலை பெரிதாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருப்பதால், குட்டி ஈனுவதற்குச் சத்திரசிகிச்சை அடிக்கடி தேவைப்படுகிறது.

ஆகவே இந்நாயை வளர்க்க விரும்புவோர் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள இது, தன்மானமும் பிடிவாதமும் மிக்கது. அதட்டலுக்குப் பணியாது, பொறுமைக்கு இணங்கும். நாய்கள் மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கின்றன. இதற்கு அது கடினமாதலால் வெப்பம் இதன் முதல் எதிரி. கொழும்பு, சென்னை போன்ற நகரங்களில் அதிகாலையிலும் இரவிலும் மட்டுமே நடக்க விடவேண்டும். மூடிய வாகனத்தில் ஒருபோதும் விட்டுச்செல்லலாகாது. கழுத்துப்பட்டிக்குப் பதிலாக மார்புப்பட்டி அணிவிப்பதே பாதுகாப்பானது. கண்குழி ஆழமற்றதாதலால் சிறு அடியிலும் கண் பிதுங்கி வெளிவரக்கூடும். அவ்வாறு நேரின் ஈரத்துணியால் மூடி உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். முகமடிப்புகளைத் தினமும் துடைத்து உலர்த்துவதும், அடர்ந்த உரோமத்தை வாரத்தில் சில தடவைகளாவது தோல்வரை சீவுவதும் இன்றியமையாதவை. முதுகெலும்புத் தட்டு விலகும் அபாயம் உள்ளதால் கதிரையிலிருந்து குதிக்க விடாதீர்கள். தூக்கும்போது மார்பையும் பின்புறத்தையும் சேர்த்துத் தாங்குங்கள். உடல் பருத்தால் மூச்சும் முதுகும் ஒருங்கே பாதிக்கப்படும்.

2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படமொன்று உயர்சாதி நாய்களின் நோய்களை அம்பலப்படுத்தியது. பெரும் சர்ச்சை எழுந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானியக் கெனல் கிளப் பெக்கினீஸின் இலக்கணத்தைத் திருத்தி, மூக்குப் பகுதி புலப்படும்படி இருத்தல் வேண்டும் என விதித்தது. எரிந்த அரண்மனையை எவராலும் மீட்டுத்தர இயலாது. ஆனால் பறிக்கப்பட்ட மூச்சைத் திருப்பித்தருவது இன்னமும் மனிதர் கையில் இருக்கிறது. தட்டை முகத்தை அழகென்று கருதிக் குட்டியை விலைபேச முன்னர், அது வாயை மூடிக்கொண்டு அமைதியாக மூச்சுவிடுகிறதா என்று ஒரு கணம் செவிசாய்த்துக் கேளுங்கள்.