இரவல் பணியும் இழப்பீட்டுப் பொறுப்பும்: 1923 சட்டம் முதல் கஜா புயல் வரை

பேரிடர்க் காலத்தில் ஒரு நிறுவனத்தின் பணியாளர் வேறொரு நிறுவனத்தின் வேலைக்கு அனுப்பப்பட்டு, அங்கே விபத்தில் சிக்கினால் இழப்பீடு தர வேண்டியவர் அனுப்பியவரா, வேலை வாங்கியவரா? இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் இந்தக் கேள்விக்கு நூறாண்டு வயது. விடை ஒரே இடத்தில் இல்லை. இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு பகுதியும், அரசு ஊழியர் விதிகளில் ஒரு பகுதியும், பேரிடர் நிவாரண நெறிமுறைகளில் ஒரு பகுதியுமாகச் சிதறிக் கிடக்கிறது.

இதைப் பார்க்கக் காவிரிப் படுகை தக்க களம். திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலம், வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பை ஒட்டிய ஊர். கோரையாறும் பாமணியாறும் அங்கிருந்தே கிளைக்கின்றன. தஞ்சாவூர் – திருவாரூர் ரயில் பாதையில் மன்னார்குடிக் கிளை பிரியும் சந்திப்பும் அதுதான். வெள்ளம் வந்தால் ஆற்றுக் கரைக்கும், புயல் வந்தால் மின்கம்பத்துக்கும் வெளியூர் ஆள் தேவைப்படும். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16 ஆகிய நாள்களில் இந்தக் கரையோரத்தைத் தாக்கிய புயல்களின் சேதம், உள்ளூர்ப் பணியாளரைக் கொண்டு மட்டும் சீர்செய்யக்கூடியதாக இருக்கவில்லை.

1923-க்கு முன் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு இருந்த வழி, 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி வழக்குத் தொடுப்பது. முதலாளியின் தவற்றை நிரூபித்தாக வேண்டும். கம்பத்தில் ஏறி இறந்தவரின் மனைவி, அந்தக் கம்பத்தில் மின்சாரம் எப்படி வந்தது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது நடக்கக்கூடிய காரியமா? 1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தச் சுமையை நீக்கியது. விபத்து வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்தது என்று காட்டினால் போதும். தவறு யாருடையது என்ற ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனால் சட்டம் எல்லாத் தொழிலையும் தழுவவில்லை. அதன் இரண்டாம் அட்டவணையில் பெயர் பெற்ற வேலைகளுக்கே உரிமை கிடைத்தது. அவசரப் பணிகள் சிலவற்றுக்கு அதில் இடம் உண்டு. தீயணைப்புப் படையில் பணிபுரிவோர், மேல்நிலை மின்கம்பிகளையும் கம்பங்களையும் அமைத்துப் பழுதுபார்ப்போர், சாலை, பாலம், வாய்க்கால் பராமரிப்பில் இருப்போர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். அணை அல்லது கரை என்றால் அது 12 அடியோ அதற்கு மேலோ உயரம் கொண்டதாக இருக்க வேண்டும். கரை உடைப்பை மணல் மூட்டை போட்டு அடைக்கும் டெல்டாக்காரருக்கு இந்த அளவுகோல் விநோதமாகத் தோன்றும். பத்தடிக் கரையும் ஆளை விழுங்கும். அட்டவணையோ கரையின் உயரத்தைப் பார்க்கிறது. அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் வணிகம் செய்வதில்லையே என்ற ஐயத்துக்கு இரண்டாம் பிரிவே பதில் வைத்திருக்கிறது: அவற்றின் கடமைகளை நிறைவேற்றுவதே, இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை, அவற்றின் தொழில் எனக் கொள்ளப்படும்.

இரவல் பணியைப் பற்றிய விதி, வேலையளிப்பவர் என்பதன் வரையறைக்குள் அடங்கிக் கிடக்கிறது. இந்தியச் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் ஒன்று 1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். தொழிலாளியைத் தற்காலிகமாக மற்றொருவருக்கு இரவலாகவோ வாடகைக்கோ கொடுத்தாலும், அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டவரே வேலையளிப்பவராக நீடிப்பார் என்று அது கூறியது. அதாவது பொறுப்பு கொடுத்தவரிடமே நின்றது. பிரிட்டிஷ் நீதிமன்றங்களும் இந்தப் பக்கமே சாய்ந்தன. மெர்சி துறைமுக வாரியம் தன் பாரந்தூக்கி ஓட்டுநரைச் சரக்கேற்றும் நிறுவனத்துக்கு இரவல் கொடுத்த வழக்கில், 1946-இல் பிரபுக்கள் அவை அளித்த தீர்ப்பு வாரியத்தையே பொறுப்பாக்கியது. அது மூன்றாம் ஆளுக்கு நேர்ந்த காயம் பற்றிய வழக்குதான். ஆனாலும் பொறுப்பு கைமாறிவிட்டது என்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்ற நெறியை அது நிலைநாட்டியது.

இந்தியாவின் 1923 சட்டம் நிலைபெற்ற வடிவில் இதற்கு நேர்மாறாக இருந்தது. பணியாளரின் சேவை தற்காலிகமாக இரவலோ வாடகையோ தரப்படும்போது, அவர் அந்த வேறொருவருக்காக வேலை செய்யும் காலம் வரை அந்த வேறொருவரே வேலையளிப்பவர் என்றது அது. ஆபத்தான வேலையை வாங்கிக்கொள்பவர் அந்த ஆபத்தின் விலையையும் ஏற்கட்டும் என்பது இதன் தர்க்கம். நியாயமான தர்க்கம்தான். நடைமுறையில் இதன் விளைவு வேறு. குடும்பத்துக்குப் பழக்கமான அலுவலகம், சம்பளப் பட்டியல் இருக்கும் அலுவலகம், பணிப்பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் அலுவலகம் சட்டப்படி ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. பத்து நாள் மட்டும் வேலை வாங்கிய, இறந்தவரின் பெயர்கூடத் தெரியாத அலுவலகத்தைக் குடும்பம் தேடிப் போக வேண்டியிருந்தது.

நிலையான அரசு ஊழியருக்கு வேறொரு பாதை உருவாயிற்று. அரசு ஊழியருக்கான அடிப்படை விதிகளில் அயற்பணிக்கென, அதாவது வேறு நிறுவனத்தில் பணியாற்றுவதற்கென, தனி அத்தியாயம் இருக்கிறது. ஊழியரை அவர் விருப்பத்துக்கு மாறாக அயற்பணிக்கு மாற்றக் கூடாது என்பதை 110-ஆம் விதியும், ஓய்வூதியப் பங்களிப்பைச் செலுத்துவதை 115-ஆம் விதியும் பேசுகின்றன. அயற்பணிக்கான வழக்கமான நிபந்தனைகளில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அயற்பணியால் ஏற்பட்ட ஊனத்துக்காக எடுக்கும் விடுப்பின் ஊதியத்தை, அந்த ஊனம் பணிக்காலம் முடிந்த பிறகு வெளிப்பட்டாலும், இரவல் வாங்கிய நிறுவனமே தர வேண்டும். புகையை உள்ளிழுத்த தீயணைப்பு வீரருக்கு நுரையீரல் பாதிப்பு இரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தாலும் பொறுப்பு தேய்ந்துபோகாது என்பதால் இந்த நிபந்தனை மதிப்புள்ளது. ஆனால் இது முறையான அயற்பணி ஆணை பெற்றவருக்கே. வாய்மொழி உத்தரவில் லாரி ஏறிப் போனவருக்கு இப்படி நிபந்தனை எழுதிய தாள் ஏதும் இருப்பதில்லை.

மத்திய அரசு ஊழியருக்கான 1939-ஆம் ஆண்டின் அசாதாரண ஓய்வூதிய விதிகள், இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வருவோரைத் தம் வரம்பிலிருந்து விலக்கின. ஆகவே ஒருவர் எந்தப் பாதையில் நிற்கிறார் என்பது முதலிலேயே தெளிவாக வேண்டும். அரக்கோணத்தில் நான்காவது பட்டாலியனை வைத்திருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படை முழுக்க முழுக்க இரவல் ஆட்களால் ஆனது. மத்திய ஆயுதக் காவல் படைகளிலிருந்து வருவோரே அதில் பணிபுரிகின்றனர். அவர்களின் நிலை மத்திய விதிகளால் தெளிவாக்கப்பட்டிருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், பணியின்போது விபத்தில் இறக்கும் மத்திய ஊழியரின் குடும்பத்துக்குக் கருணைத் தொகை 25 லட்சம் ரூபாய். புயல் நேரத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று மரம் அறுத்த ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை இதற்கு வெகு தூரம்.

ஆளை அனுப்பிய பிறகு எழும் அடுத்த சிக்கல், வேலையின் போக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. 1958-இல் சவுராஷ்டிர உப்பு உற்பத்தி நிறுவன வழக்கில், வேலை முடிந்து பொதுப் படகில் கழிமுகத்தைக் கடக்கையில் மூழ்கி இறந்த தொழிலாளருக்கு உச்ச நீதிமன்றம் இழப்பீடு மறுத்தது. 1963-இல் பெஸ்ட் என்ற பேருந்து நிறுவனத்தின் ஓட்டுநர், பணி முடிந்து அந்நிறுவனப் பேருந்திலேயே வீடு திரும்புகையில் நேர்ந்த விபத்து வேலையின் போக்கிலேயே நடந்தது என்று தீர்ப்பாயிற்று. 1996-இல் பிரான்சிஸ் டி கோஸ்டா வழக்கில், ஆலைக்குச் சைக்கிளில் போகும் வழியில் லாரி மோதியவருக்கு மறுபடி கதவு மூடியது. 2025 ஜூலையில் தைவ்ஷாலா வழக்கில், சர்க்கரை ஆலைக் காவலாளி வேலைக்குப் போகும் வழியில் இறந்ததை உச்ச நீதிமன்றம் வேலையோடு தொடர்புடையதாக ஏற்றது.

வெளியூர்ப் பணிக்கு வந்தவருக்கு இந்த வழக்குகள் அன்றாடப் பொருள் உடையவை. அவருக்கு அங்கே வீடு இல்லை. கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ படுக்கிறார். துறை அனுப்பும் வண்டியில் போகிறார். இரவு கூப்பிட்டாலும் எழுந்து வருகிறார். முகாமில் பாம்பு கடித்தாலும், வண்டி கவிழ்ந்தாலும், அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது வேலைதான். 1963 தீர்ப்பின் நெறியைப் பின்பற்றினால் முகாமும் பயணமும் வேலையின் நீட்சியே என்று வாதிடுவதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உடல்களை அகற்றவும் தெருக்களைத் துப்புரவு செய்யவும் பிற நகராட்சிகளின் தூய்மைப் பணியாளர்கள் நாகப்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டனர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கும் அப்படியே பல மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தனர். ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனிச் சட்ட நிறுவனம். ஒரே இயக்ககத்தின் கீழ் இருப்பதால் அவை ஒன்றாகிவிடுவதில்லை. எனவே இது சட்டத்தின் பொருளில் மெய்யான இரவல் பணி. வரையறையைச் சொல்லுக்குச் சொல் படித்தால் பொறுப்பு வந்து சேர்ந்த ஊரின் நகராட்சிக்கு, அதாவது பேரிடரால் அப்போதுதான் நிலைகுலைந்த நகராட்சிக்குப் போய்ச் சேர்கிறது.

கஜா புயல் இந்தச் சிக்கலின் எல்லா வகைகளையும் ஒரே நேரத்தில் காட்டியது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த புயல், டெல்டா மாவட்டங்களின் மின்கட்டமைப்பை வேரோடு சாய்த்தது. மாநிலம் முழுவதிலுமிருந்து கம்பியாளர்களும் கள உதவியாளர்களும் வரவழைக்கப்பட்டனர். கேரள மின்வாரியக் குழுக்களும் வந்தன. சீரமைப்பின்போது மின்சாரம் பாய்ந்து பணியாளர் உயிரிழந்ததும் நடந்தது. இந்த வேலையின் ஆபத்து தனி வகையானது. சேற்று வயலுக்கு நடுவே நட்ட கம்பம் உறுதியாக நிற்காது. எல்.சி. எனப்படும் மின்நிறுத்த அனுமதி வாங்கி மின்சாரத்தை நிறுத்திய பிறகும், எங்கோ ஒரு வீட்டின் ஜெனரேட்டர் இணைப்பைத் துண்டிக்காமல் ஓடினால் மின்சாரம் கம்பிக்குத் திரும்பி வரும். எந்தக் கம்பி எந்த ஃபீடரிலிருந்து வருகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். சேலத்திலிருந்து வந்தவருக்குத் தெரியாது.

சேலத்திலிருந்து நீடாமங்கலத்துக்கு வந்த தமிழ்நாட்டு மின்வாரிய ஊழியர் சட்டப்படி இரவல் அல்லர். இரண்டு ஊரிலும் அவருக்கு வேலையளிப்பவர் ஒரே மின்பகிர்மானக் கழகம்தான். கேரளத்திலிருந்து வந்தவர் நிலை வேறு. வரையறையின் சொற்கள் அவரைத் தமிழ்நாட்டுக் கழகத்தின் பக்கம் தள்ளுகின்றன. அவரைத் தம் சொந்த மேற்பார்வையாளரே வேலை வாங்கினார் என்றால் எதிர்வாதத்துக்கும் இடமுண்டு. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆட்களுக்கு 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு துணை நின்றது. தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் விட்ட முதன்மை நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். விபத்து அந்த நிறுவனத்தின் வேலையிடத்திலோ அதன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்திலோ நேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

தொகை எவ்வளவு என்பதும் காலத்தைப் பொறுத்தது. இறப்புக்கான இழப்பீடு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கிக் கிடைப்பது. 30 வயதுக்கான காரணி 207.98. கணக்கில் கொள்ளும் ஊதியத்துக்கு 2010 மே முதல் 8,000 ரூபாய் உச்சவரம்பு இருந்ததால், கஜா காலத்தில் 30 வயதில் இறந்தவருக்கு இந்தச் சட்டப்படி கிடைக்கக்கூடிய மிகுதியான தொகை 8,31,920 ரூபாய். அவர் உண்மையில் 30,000 வாங்கியிருந்தாலும் அதுவே உச்சம். 2020 ஜனவரி 3 முதல் வரம்பு 15,000 ஆனபின் அதே கணக்கு 15,59,850 ரூபாய் தருகிறது. பதினான்கு மாத இடைவெளியில் உயிரின் விலை ஏறத்தாழ இரட்டித்தது. இவ்வளவு பெரிய தாவல், இடைப்பட்ட ஆண்டுகளில் வரம்பு தூங்கிக் கிடந்ததையே காட்டுகிறது.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டும். அதன் 65-ஆம் பிரிவு மீட்புக்காகக் கட்டடங்களையும் வாகனங்களையும் கையகப்படுத்த அதிகாரம் தருகிறது. 66-ஆம் பிரிவு அவற்றுக்கு வாடகையும் இழப்பீடும் வகுக்கிறது. லாரிக்கு எவ்வளவு என்று எழுதிய சட்டம் லாரியில் வந்த ஆளைப் பற்றி அந்த இடத்தில் பேசவில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் நெறிமுறை மட்டும் ஓரளவு ஈடு செய்தது. 2015 முதல் பேரிடரில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நிவாரணப் பணியில் ஈடுபட்டு இறந்தவரும் அதில் அடங்குவர். வேலையளிப்பவர் யார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

2020 மார்ச் 30 முதல் செயல்பட்ட கொரோனா காப்பீடும் அதே வழியில் சென்றது. 50 லட்சம் ரூபாய்க்கான அந்தத் திட்டம், அரசு கேட்டுப் பெற்ற தனியார் மருத்துவமனைப் பணியாளர், தன்னார்வலர், தினக்கூலி, ஒப்பந்த ஊழியர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டது. நோயாளியோடு நேர்த்தொடர்பில் பணிபுரிந்தாரா என்பதே தகுதி. 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸை அரசுக்காகத் தனியார் அமைப்பு ஒன்று இயக்கிவருவதால், இத்தகைய அளவுகோல் மருத்துவ அவசரப் பணிக்கும் ஏற்றது. யாருடைய ஆள் என்று கேட்பதைவிட எந்த வேலையில் இறந்தார் என்று கேட்பதே பேரிடர்ப் பணிக்குப் பொருத்தமான அளவுகோல். நூறாண்டு வரலாற்றில் இதைச் சட்டத்தைவிட நிவாரண ஆணைகளே முதலில் கண்டுகொண்டன.

1923 சட்டத்தை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உள்வாங்கியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழி விபத்துகளுக்கும் அதில் இடமுண்டு. வெளியூர்ப் பணியில் இறந்தவரின் குடும்பத்துக்குப் பழைய சட்டமே 1995 திருத்தத்தால் ஒரு வசதியைக் கொடுத்திருந்தது: விபத்து நடந்த ஊர் ஆணையரிடம் மட்டுமல்ல, தாம் குடியிருக்கும் ஊரின் ஆணையரிடமும் மனுச் செய்யலாம்.

எனினும் மனுவில் யாரை எதிர்மனுதாரராகக் காட்டுவது என்பது, பணிக்கு அனுப்பும் ஆணையில் என்ன எழுதப்பட்டது என்பதைப் பொறுத்ததே. அடுத்த புயலுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு அலுவலகமும், பணியாளரின் பெயர், அவர் யாருடைய மேற்பார்வையில் வேலை செய்வார், விபத்து நேர்ந்தால் இழப்பீடு தருபவர் யார் என்ற விவரங்களை வண்டி புறப்படும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.