34ஏ என்றால் கிங்ஸ் கிராஸ்

பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் முகத்தில், புகைப்பெட்டிக் கதவின் அடியில், கையகல நீள்வட்டத் தகடு ஒன்று திருகப்பட்டிருக்கும். வார்ப்பிரும்பில் ஒரு எண், ஒரு எழுத்து. 34ஏ என்றால் லண்டன் கிங்ஸ் கிராஸ். 5ஏ என்றால் குரூ நார்த். 55ஏ லீட்ஸ் நகரத்து ஹோல்பெக். 81ஏ ஓல்ட் ஓக் காமன். எண் வட்டாரத்தைக் குறிக்கும். ஏ என்றால் அந்த வட்டாரத்தின் தலைமை ஷெட். 1930களில் ஒரு கம்பெனி தன் எஞ்சின்களுக்காக வகுத்த முறை இது. 1948இல் ரயில்வே முழுதும் நாட்டுடைமையான பிறகு, 1950 முதல் எல்லா எஞ்சின்களுக்கும் வந்தது. நம் ஊர் எஞ்சின்களின் பக்கவாட்டில் ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று எழுதியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: எங்கே ஓடினாலும் அது திரும்ப வேண்டிய வீடு எது என்று சொல்ல. அந்தத் தகடுகள் இன்று ஏலத்தில் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன.

ஒரு லோகோ ஷெட்டின் மீது இத்தனை பாசம் எப்படி வந்தது? அழகான இடமே அல்ல அது. கூரையெல்லாம் கரி, தரையெல்லாம் எண்ணெயும் சாம்பலும் கலந்த சேறு. சுற்றுப்புறத் தெருக்களில் துணி உலர்த்தினால் புகைக்கரி படிந்துவிடும். ஆனால் ஒரு நீராவி எஞ்சின் உயிர் பெறுவதும் களைத்து வந்து இளைப்பாறுவதும் அங்கேதான். ஸ்டேஷனில் பயணிகள் பார்த்தது அதன் ஓட்டத்தை மட்டுமே.

ஓடி முடித்து எஞ்சின் ஷெட்டுக்குள் வந்தவுடன் வேலை தொடங்கும். முதலில் நிலக்கரி, தண்ணீர், மணல். பிறகு சாம்பல் குழியின் மேல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நாள் முழுதும் எரிந்ததில் கரியின் கசடு உருகி, அடுப்புத்தட்டில் கிட்டமாக இறுகிக் கிடக்கும். அதைக் கம்பியால் குத்திப் பெயர்த்து, ஆளைவிட நீளமான இரும்புக் கரண்டியில் அள்ளி, செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும்போதே அடுப்பு வாய் வழியாக வெளியே இழுத்து, அந்தக் குறுகிய அறைக்குள் கரண்டியைத் திருப்பி, பக்கவாட்டில் கீழே கொட்ட வேண்டும். கரண்டியும் சிவந்துவிடும். அடுத்து முன்பக்கம் போய்ப் புகைப்பெட்டிக் கதவைத் திறந்து, முழங்கால் உயரத்துக்குக் குவிந்த சாம்பலை வாரிப் போட வேண்டும். காற்று எதிர்த்து அடித்தால் அத்தனையும் கண்ணில்தான். சில நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனை ஆறவைத்துக் கழுவுவார்கள். ஆறிய எஞ்சினில் மறுபடி தீ மூட்டி நீராவி ஏற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே விடிகாலை ரயிலுக்கு முந்தின இரவே தீ வைக்க வேண்டும். ஊரே உறங்கும்போது, எண்ணெயில் நனைத்த கந்தல் துணியோடு ஒவ்வொரு எஞ்சினாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பார் தீ மூட்டுபவர்.

இந்த உழைப்புக்கு ஒரு படிநிலை இருந்தது. பதினைந்து வயதில் எஞ்சின் துடைக்கும் கிளீனராகச் சேருகிற பையன், பல ஆண்டுகளில் ஃபயர்மேன் ஆவான். அதற்குப் பிறகு டிரைவர் இருக்கை கிடைக்கப் பல ஊர்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். டிரைவரான பிறகும் ஷன்டிங், சரக்கு வண்டி, உள்ளூர் வண்டி என்று ஒவ்வொரு அணியாக ஏறித்தான் எக்ஸ்பிரஸ் ஓட்டும் முதல் அணிக்கு வரலாம். அதற்குள் தலை நரைத்துவிடும். நள்ளிரவில் பணிக்கு வருவோரின் ஜன்னலைத் தட்டி எழுப்புவதற்கென்றே பையன்கள் இருந்தார்கள். கொதிக்கும் அடுப்பின் முன்னால் கரி அள்ளும் கரண்டியையே கழுவி, அதில் முட்டையும் பன்றி இறைச்சியும் பொரித்துச் சாப்பிட்டார்கள்.

வெளியாட்களுக்கு இந்த உலகத்தின் கதவைத் திறந்துவிட்டவர் இயன் ஆலன். லண்டன் வாட்டர்லூவில் சதர்ன் ரயில்வேயின் அலுவலகத்தில் வேலை பார்த்த இளைஞர். எஞ்சின் எண்களையும் பெயர்களையும் கேட்டு ரசிகர்கள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்து, 1942இல் எல்லாவற்றையும் ஒரே சிறு நூலாகத் தொகுத்து வெளியிட்டார். போர்க்காலத்திலும் அது விற்றுத் தீர்ந்தது. அதன் வாரிசுகளான சிறு நூல்களைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்த்த எஞ்சினின் எண்ணுக்கு அடிக்கோடு இட்டபடி ஒரு தலைமுறையே வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. எஞ்சின்களெல்லாம் ஷெட்டில் இருக்கும். அன்றுதான் பையன்கள் படையெடுப்பார்கள். அனுமதிச்சீட்டு வேண்டும் என்பது விதி. சுவரில் எங்கே பொத்தல் இருக்கிறது, எந்த ஃபோர்மேன் கண்டுகொள்ள மாட்டார் என்பது அனுபவம். ஸ்டேஷனில் இறங்கி எந்தத் தெருவில் திரும்பினால் ஷெட் வரும் என்று நாடு முழுதுக்கும் வழி சொல்லும் கையேடுகூட விற்பனைக்கு இருந்தது.

உள்ளே நுழைந்தால் இரண்டு வகைக் கட்டடம். ஒன்று, தண்டவாளங்கள் நேராக ஓடும் நீளக் கொட்டகை. கட்டச் செலவு குறைவு. ஆனால் பின்னால் நிற்கிற எஞ்சின் தேவையென்றால் முன்னால் இருப்பதையெல்லாம் நகர்த்த வேண்டும். மற்றது வட்டக் கொட்டகை: நடுவே சுழல்மேடை, அதைச் சுற்றி எஞ்சின்கள் எல்லாம் நடுவை நோக்கி. டார்பியில் 1839இல் எழுந்தது, உலகில் இன்று நிற்கும் வட்டக் கொட்டகைகளிலேயே பழையது. லண்டன் கேம்டனில் 1847இல் கட்டியதற்கு 24 வார்ப்பிரும்புத் தூண்கள். எஞ்சின்கள் வேகமாக நீண்டு வளர்ந்ததால் சில ஆண்டுகளிலேயே அந்தச் சுழல்மேடை போதாமல் போனது. கட்டடம் பிறகு நெடுங்காலம் மதுக் கிடங்காக இருந்து, 1960களில் கலையரங்கமாயிற்று.

போரும் ஷெட்டுகளைத் தேடி வந்தது. 1942 ஏப்ரல் 29 அதிகாலை யார்க் நகரின் மேல் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் ஒன்று, வடக்கு ஷெட்டில் நின்ற சர் ரால்ஃப் வெட்ஜ்வுட் என்ற எஞ்சினைச் சிதைத்தது. நீராவி வேகத்தில் உலக சாதனை படைத்த மல்லார்டின் உடன்பிறப்பு அது.

ஆனால் ஷெட்டுகளை முடித்தது குண்டு அல்ல. போருக்குப் பின் தொழிற்சாலைகளில் சுத்தமான வேலையும் நல்ல சம்பளமும் கிடைத்தபோது, சாம்பல் வார ஆள் வரவில்லை. 1955இல் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறும் திட்டம் வந்தது. 1948இல் ஏறத்தாழ 20,000 நீராவி எஞ்சின்கள் இருந்த நாட்டில், 1960இல் ரயில்வேக்கான கடைசி நீராவி எஞ்சின் கட்டப்பட்டது. மல்லார்டின் வீடான கிங்ஸ் கிராஸ் ஷெட் 1963இல் மூடப்பட்டது. 1968 ஆகஸ்டில் நீராவி ஷெட்டுகளில் மிஞ்சியவை மூன்றே: கார்ன்ஃபோர்த், லாஸ்டாக் ஹால், ரோஸ் குரோவ். மூன்றும் லங்காஷயரில். அந்த மாதம் 11ஆம் தேதி லிவர்பூலிலிருந்து கார்லைலுக்குப் போய்த் திரும்பிய விடைகொடுக்கும் ரயிலுக்குக் கட்டணம் 15 கினி. அன்றைய தொழிலாளிக்கு அது பெரும் தொகை.

பெரும்பாலான ஷெட்டுகள் இடிக்கப்பட்டன. தப்பியவற்றில் எதை உண்மையில் தப்பியதாகச் சொல்லலாம்? டார்பி இன்று கல்லூரி. கேம்டனில் இசை நிகழ்ச்சி. இடிபடாமல் பயனுள்ள கைகளில் இருப்பதே நல்ல விஷயம்தான். யார்க்கில் குண்டு விழுந்த அதே ஷெட் 1975இல் தேசிய ரயில்வே அருங்காட்சியகமானது. பார்க்கத் தவறக்கூடாத இடம். ஆனாலும் பளபளக்கும் எஞ்சின்கள் குளிர்ந்து நிற்கும் மண்டபத்தில் ஷெட் இல்லை. சுவர் மட்டும் ஷெட் ஆகாது. அங்கே தீ மூட்டவும் சாம்பல் வாரவும் ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்த கைகள் இல்லாமல் போனால் கட்டடம் எத்தனை உறுதியாக நின்றும் பயனில்லை.

அந்தக் கைகள் இருக்கும் இடங்களும் உண்டு. டார்பிஷயரில் 1870இல் கட்டிய பேரோ ஹில் வட்டக் கொட்டகை 1991இல்தான் மூடப்பட்டது. ஆர்வலர்கள் போராடி மீட்டு 1998இல் திறந்தார்கள். சுழல்மேடை இன்றும் எஞ்சினைச் சுமந்து சுற்றுகிறது. டிட்காட்டில் 1932இல் கட்டிய ஷெட்டை ஒரு ரசிகர் சங்கம் 1967 முதல் பேணி வருகிறது. அதன் கரிமேடை தனிச்சிறப்பு. மற்ற கம்பெனிகள் வேகனையே தூக்கிக் கவிழ்க்கும் கான்கிரீட் கோபுரம் கட்டியபோது, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே மட்டும் சிறு தள்ளுவண்டிகளில் கரி கொட்டும் மேடையை விடவில்லை. அது எரித்த வேல்ஸ் கரி மென்மையானது, உயரத்திலிருந்து விழுந்தால் தூளாகிவிடும் என்பதே காரணம்.

லண்டன் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். பேடிங்டனிலிருந்து டிட்காட்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஷெட் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. எஞ்சினுக்குத் தீ மூட்டும் நாள் எது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.