கூடுவிட்டுக் கூடு பாய்தல்

உயிர் தன் உடலை விட்டு நீங்கி, இறந்துபோன வேறோர் உடலில் புகுந்து வாழும் சித்தி. வடமொழியில் பரகாயப் பிரவேசம் எனப்படும். பதஞ்சலியின் யோக சூத்திரம் மூன்றாம் பாதத்தில் இதைச் சித்திகளுள் ஒன்றாக வைக்கிறது. அறிவியல் புனைகதைகளில் வரும் தொலைபெயர்ப்பு எந்திரம் ஓர் ஆளை இங்கே கலைத்து வேறிடத்தில் உருவாக்குகிறது. அங்கே எழுந்து நிற்பவர் அதே ஆளா, அவரைப் போன்ற நகலா? இந்தக் கேள்வியின் பெரும்பகுதியைத் தமிழ்க் கதைகள் எந்திரம் இல்லாமலே எழுப்பியிருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது திருமூலர் வரலாறு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை விரித்துரைத்தார். கயிலையிலிருந்து பொதிகைக்குப் புறப்பட்ட சிவயோகியார் திருவாவடுதுறையை அடுத்த காவிரிக்கரையில், மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிக் கதறுவதைக் காண்கிறார். அவற்றின் துயரம் தீரத் தன் உடலைப் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடலில் புகுகிறார். பசுக்கள் மோந்தும் நக்கியும் களிக்கின்றன. மாலையில் அவை சாத்தனூருக்குத் திரும்ப, அவரும் பின்னே போகிறார். மூலனின் மனைவி வீட்டுக்கு அழைக்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகி அங்குள்ள பொதுமடத்துக்குள் போய்விடுகிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட, அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் நிற்பவர், இனி உன் கணவராகார் என்று சொல்லி அவளைத் தேற்றுகிறார்கள். மறுநாள் அவர் தேடிப் போனபோது வைத்த இடத்தில் பழைய உடல் இல்லை. ஆகமப் பொருளைத் தமிழில் சொல்லவைக்க இறைவன் அதை மறைத்தான் என்கிறது புராணம்.

இந்தக் கதையில் பசுக்களுக்கு உடலே ஆள். மனைவிக்கு உடலோடு சேர்ந்த உறவு ஆள். பெரியவர்களோ அறிவையும் நினைவையும் வைத்து முடிவு சொல்கிறார்கள். தத்துவவாதி ஜான் லாக் தம் நூலின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், இளவரசனின் நினைவு செருப்புத் தைப்பவன் உடலில் புகுந்தால் அவன் யார் என்று கேட்டு, அவன் இளவரசனே என்று விடை சொன்னார். சேக்கிழாரின் பெரியவர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு பெண் கணவனை இழந்ததையும் சேக்கிழார் மறைக்கவில்லை. லாக்கின் உதாரணத்தில் அந்தத் துயரத்துக்கு இடமே இல்லை.

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் பற்றிய கதையும் இதே வகை. பாரிசாத மலர் கொண்டுவரக் கிளியின் உடலில் புகுந்து போனார். திரும்புவதற்குள் எதிரி அவருடைய உடலை எரித்துவிட்டான். அவர் கிளியாகவே நின்றுவிட்டார். திருவண்ணாமலையின் கிளிக்கோபுரம் இந்தக் கதையோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆதிசங்கரர் அமருக மன்னனின் உடலில் புகுந்த கதையிலும், சீடர்கள் காத்த உடல் தீயில் எரியத் தொடங்கிய பிறகே அவர் திரும்புகிறார். பழைய உடல் மறைகிறது, எரிகிறது, அல்லது அதற்குள்ளேயே திரும்ப நேர்கிறது. ஒருவர் இருவராவதற்கு எந்தக் கதையும் இடம் தரவில்லை. இதைக் கதை சொன்னவர்களின் தற்செயல் என்று கொள்ள முடியாது. உயிர் ஒன்றே, அது பகுபடாது என்ற கொள்கை இக்கதைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அந்தக் கொள்கையைப் பௌத்தர்கள் மறுத்தார்கள். ஒவ்வொரு கணமும் அழிந்து பிறக்கும் தொடர்ச்சியே ஆள் என்றும், ஒரு விளக்கிலிருந்து இன்னொன்று ஏற்றப்படுவது போன்றதே மறுபிறவி என்றும் வாதிட்டார்கள். அப்படியானால் கண்டவன் ஒருவன், நினைப்பவன் வேறொருவனா என்று சைவ சித்தாந்திகள் கேட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை எடுத்து மறுத்தார்.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள பழனியில் இந்தச் சித்தி சித்தர் போகரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. சீனத்தில் ஒருவருடைய உடலில் புகுந்து வாழ்ந்தார் என்பது சித்தர் மரபு. மலைக்கோயிலின் தென்மேற்குப் பிராகாரத்தில் அவர் சமாதி இருக்கிறது. மூலவர் சிலையை நவபாஷாணத்தால் ஆக்கியவரும் அவரே என்பது நம்பிக்கை.

அந்தச் சிலையே இந்தப் பொருளுக்கு ஒரு நிகழ்கால வழக்கையும் தந்தது. 2004இல் கருவறையில் புதிய ஐம்பொன் சிலை நிறுவப்பட்டது; பக்தர்கள் எதிர்த்தார்கள்; பின்னர் அது அகற்றப்பட்டது. வழிபடுபவர்களுக்கு உருவ ஒப்புமை மட்டும் போதவில்லை என்பது தெளிவு. அதே வேளை, திருப்பணி நடக்கையில் கலாகர்ஷணம் என்ற சடங்கால் தெய்வ சாந்நித்தியத்தைக் குடத்து நீருக்கும் அத்திப் பலகைக்கும் மாற்றிப் பாலாலயத்தில் வைத்து வழிபட்டு, பிறகு மூலத்துக்கே திருப்பும் வழக்கத்தை ஆகமக் கோயில்கள் கடைப்பிடிக்கின்றன. மாற்றம் ஏற்கப்படுகிறது, நகல் ஏற்கப்படுவதில்லை.

மேலைநாட்டில் தொலைபெயர்ப்புக்கான ஆங்கிலச் சொல்லை சார்லஸ் ஃபோர்ட் 1931இல் புழக்கத்தில் விட்டார். 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடர் அதை வீடுதோறும் சேர்த்தது. தத்துவத்தில் இதை உலுக்கியவர் டெரெக் பார்ஃபிட். 1984ஆம் ஆண்டு நூலில் அவர் கற்பித்த எந்திரம் பூமியில் இருப்பவரை அழிக்காமலே செவ்வாயில் அவர் நகலை ஆக்குகிறது. பூமியில் இருப்பவருக்குச் சில நாளில் சாவு உறுதி. இருவரும் பேசிக்கொள்ளவும் முடியும். நினைவும் குணமும் தொடர்ந்தால் போதும், அதே ஆளா என்பது பெரிதல்ல என்றார் பார்ஃபிட். ஆனால் சாகப்போகிறவருக்கு அந்த ஆறுதல் எப்படிப் போதும்? செவ்வாயில் எழுந்தவர் தன் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்வார் என்பது நிம்மதி தரலாம். தன் சாவு சாவாகவே இருக்கிறது. செய்தியை மட்டும் அனுப்பி உடலைக் கட்டும் எந்திரம் நகலையே தருகிறது. பழையதை உடனே அழிப்பது அந்த உண்மையைக் கண்ணில் படாமல் செய்கிறது, அவ்வளவே.

இயற்பியலில் நிலைமை வேறு. அறியப்படாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்க முடியாது என்று 1982இல் வூட்டர்ஸ், ஸூரெக் ஆகியோரும் தனியே டீக்ஸும் நிறுவினர். 1993இல் சார்லஸ் பென்னட்டும் ஐந்து சக ஆய்வாளர்களும் அந்த நிலையைத் தொலைபெயர்க்கும் வழியைச் சொன்னார்கள். 1997இல் ஆண்டன் ஸைலிங்கர் குழு இன்ஸ்ப்ரூக்கில் ஒளித்துகளைக் கொண்டு அதைச் செய்து காட்டியது. இதில் துகள் பயணம் செய்வதில்லை. சேருமிடத்தில் வேறொரு துகள் ஏற்கெனவே காத்திருக்கிறது. அது அனுப்பப்பட்ட நிலையை ஏற்கிறது. புறப்பட்ட துகள் தன் நிலையை இழக்கிறது. இருவராவதற்கு இங்கே விதியே தடை. காவிரிக்கரையில் கிடந்த மூலன் உடலுக்கு இதுவே நெருங்கிய ஒப்பு. ஸ்டார் ட்ரெக்கின் மேடைக்கு அன்று.

2017இல் சீன ஆய்வாளர்கள் மிசியஸ் செயற்கைக்கோளுக்குத் தரையிலிருந்து 1,400 கிலோமீட்டர் வரை ஒளித்துகள் நிலைகளைத் தொலைபெயர்த்தார்கள். ஒவ்வொரு முறையும் அளவீட்டின் முடிவைச் சாதாரண வழியில் அனுப்பியாக வேண்டும் என்பதால் ஒளியை விஞ்சிய வேகம் இதில் இல்லை. மனித உடல் இன்றும் இந்த முறையின் எல்லைக்கு வெகு அப்பால் இருக்கிறது. ஒருவரின் ஒவ்வொரு துகளின் நிலையையும் பெயர்க்க முடிந்தாலும், பெயர்ந்தது உயிரா, உயிரின் நிலை மட்டுமா என்ற அருணந்தியின் காலத்து வழக்கை ஆய்வகம் தீர்த்துவிடாது.